பசை காய்ச்சியவர் கட்டிய பள்ளிக்கூடம்

மலர்க் குழு நண்பர்கள் போன் செய்து, யாராவது ஒரு பெரியவருடைய வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னார்கள். நம்ம ஆட்களுக்குப் பிடித்த மாதிரி இன்ஜினியர் ஒருத்தரைப் பற்றி இருந்தால் நல்லது என்றும் சொன்னார்கள். விஸ்வேஸ்வரய்யா, எடிசன் எல்லாரையும் நமக்கு நன்றாகவே தெரியும். நான் எடுத்துக்கொண்டது பீட்டர் கூப்பரை. அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம் நண்பர்கள் நியூயார்க்கில் கூப்பர் யூனியன் என்ற கல்லூரியைப் பார்த்திருப்பார்கள். ரயில் சரித்திரத்தில் ஆர்வம் உள்ளவர்களுக்கு டாம் தம் என்ற குட்டி எஞ்சின் ஞாபகம் வரும். இரண்டுக்கும் சொந்தக்காரர் ஒரே மனிதர்தான்.

அவர் இன்ஜினியரிங் படித்தவர் இல்லை. சொல்லப் போனால் பள்ளிக்கூடமே ஒழுங்காகப் போனவர் இல்லை. மொத்தமாகக் கூட்டினாலும் அவருடைய பள்ளிப் படிப்பு ஒரு வருஷத்தைத் தாண்டாது. அதிலும் பாதி நாள் அரை நேரம்தான். அந்தக் குறையை 92 வயது வரை மறக்காமல் இருந்தார் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

தொப்பிக் கடைப் பையன்

பீட்டர் கூப்பர் 1791-ஆம் ஆண்டு பிப்ரவரி 12 அன்று நியூயார்க் நகரில் பிறந்தார். அப்பா ஜான் கூப்பர் அமெரிக்கச் சுதந்திரப் போரில் சண்டை போட்டவர்; தொழில் தொப்பி செய்வது. வீட்டில் ஒன்பது பிள்ளைகள். அப்பாவுக்கு உழைப்புக்குக் குறைவில்லை, ஆனால் எந்தத் தொழிலும் நிலைக்கவில்லை. தொப்பி போய் பீர் காய்ச்சும் தொழில், அது போய் செங்கல் சூளை என்று ஊர் ஊராக மாறினார். குடும்பமும் கூடவே மாறியது. பீட்டருக்கு நினைவு தெரிந்த நாள் முதல் வேலைதான். தொப்பிக்கு வேண்டிய முயல் தோலிலிருந்து ரோமத்தைப் பிய்த்துக் கொடுப்பது சின்னப் பையனான அவனுடைய பொறுப்பு.

கைவேலை மட்டும் பிறவியிலேயே வந்தது. அம்மா துணி துவைக்கும் கஷ்டத்தைப் பார்த்து, துணியை அடித்துத் துவைக்கிற மாதிரி ஒரு சாதனத்தைச் செய்து கொடுத்தான். பழைய செருப்பு ஒன்றைத் தையல் தையலாகப் பிரித்துப் பார்த்து, அதைப் போலவே வீட்டில் உள்ளவர்களுக்குச் செருப்பு தைத்தான். பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் பழக்கம் நமக்கும் உண்டு. அவனுக்கு அதைத் தவிர வேறு வழி கிடையாது. புத்தகம் வாங்கிப் படிக்க வசதி இல்லை, வசதி வந்தபோது வாசிப்பு சரளமாக வரவில்லை.

வண்டிப் பட்டறையில் நாலு வருஷம்

17 வயதில், 1808-இல், நியூயார்க்கில் ஜான் வுட்வர்ட் என்பவருடைய குதிரை வண்டி கட்டும் பட்டறையில் தொழில் பழகச் சேர்ந்தார் கூப்பர். சாப்பாடும் படுக்க இடமும் போக வருஷத்துக்கு 25 டாலர். நம் ஐ.டி.ஐ. அப்ரண்டிஸ் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் தியரி வகுப்பு என்று ஒன்று கிடையாது. பட்டறையில் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான் பாடம்.

கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் எல்லாப் பையன்களையும் போல லாட்டரி வாங்கினார். பத்து டாலர் அப்படியே போச்சு. மறுபடி அந்தப் பக்கமே போகவில்லை. வாழ்க்கையில் தான் செலவழித்த பணத்திலேயே மிகவும் பயன்பட்டது அந்தப் பத்து டாலர்தான் என்று பிற்காலத்தில் சொல்லிச் சிரிப்பார்.

அந்த நாலு வருஷத்தில்தான் இன்னொன்றும் அவருக்கு உறைத்தது. பகல் முழுக்க வேலை. மாலையில் கை ஓய்வாக இருக்கிறது, மனசும் தயாராக இருக்கிறது. ஆனால் போய்க் கேட்க ஒரு வகுப்பு இல்லை. சக்கரம் ஏன் இப்படிச் சுழல்கிறது, இந்த மரத்துக்கு எவ்வளவு பலம், கணக்கில் இதை எப்படிப் போடுவது என்று கேட்டால் பட்டறையில் பதில் சொல்ல ஆள் இல்லை. பகலில் வேலை செய்யும் ஒரு ஏழைப் பையன் போய்ச் சேரக்கூடிய இரவுப் பள்ளி என்று நியூயார்க்கில் அப்போது எதுவும் கிடையாது. நகரில் கல்லூரி இருந்தது, ஆனால் அது பட்டறைப் பையனுக்கானது இல்லை.

இருந்தாலும் சக்கரத்தின் குடத்தில் ஆரக்கால் செருகும் துளையைப் போட ஒரு மெஷினைச் சொந்தமாக உருவாக்கினார். முதலாளிக்கு ரொம்பவும் பிடித்துப் போனது. பழகும் காலம் முடிந்ததும், சொந்தப் பட்டறை வைக்கத் தானே பணம் தருவதாகச் சொன்னார். 21 வயசுப் பையனுக்கு இதைவிட என்ன வேண்டும்? கூப்பர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வியாபாரம் படுத்தால் கடனைத் திருப்பித் தர முடியாதே என்ற பயம். அப்பாவைப் பார்த்து வளர்ந்தவர் இல்லையா! கடன் என்றால் அவருக்கு வாழ்நாள் முழுக்க ஆகாது. இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

முதல் 500 டாலர்

அடுத்து லாங் ஐலண்டில் ஹெம்ப்ஸ்டெட் என்ற ஊருக்குப் போய், நெய்த கம்பளித் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ரோமத்தைச் சமமாகக் கத்தரிக்கும் மெஷின் செய்யும் இடத்தில் நாளுக்கு ஒன்றரை டாலர் கூலிக்குச் சேர்ந்தார். சிக்கனமாகச் சேர்த்து, அந்த மெஷினை நியூயார்க் மாநிலத்தில் செய்து விற்கும் உரிமையைத் தானே வாங்கினார். 1812-இல் இங்கிலாந்தோடு போர் வந்து வெளிநாட்டுத் துணி வரத்து நின்று போனதால் உள்ளூர் மில்களுக்கு நல்ல கிராக்கி. மெஷின் நன்றாக ஓடியது.

அவருடைய முதல் வாடிக்கையாளர் பூகீப்ஸி ஊரைச் சேர்ந்த மேத்யூ வாசர். பிற்காலத்தில் பெண்களுக்காக வாசர் கல்லூரியைத் தொடங்கினாரே, அவரேதான். அந்த வியாபாரத்தில் 500 டாலர் கிடைத்தது. அதை எடுத்துக்கொண்டு சந்தோஷமாகப் பெற்றோர் வீட்டுக்குப் போனால், அங்கே கடன்காரர்கள் அப்பாவை நெருக்கிக்கொண்டிருந்தார்கள். மொத்தப் பணத்தையும் கொடுத்து அப்பாவை மீட்டுவிட்டுக் கையை வீசிக்கொண்டு திரும்பினார்.

1813-இல் சாரா பெடெல் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். பிறந்த ஆறு குழந்தைகளில் நாலு சிறு வயதிலேயே போய்விட்டன. எட்வர்ட் என்ற மகனும் அமேலியா என்ற மகளும்தான் மிஞ்சினார்கள். தொட்டிலைத் தானாக ஆட்டி, ஈ விரட்டி, பாட்டும் போடும் ஒரு கருவியைக் கண்டுபிடித்தார் கூப்பர். மனைவிக்கு வேலை குறையட்டும் என்பதுதான் நோக்கம். வீட்டில் ஒரு தேவை வந்தால் அதற்கு ஒரு மெஷின் என்பது அவர் சுபாவம்.

பசை

போர் முடிந்து வெளிநாட்டுத் துணி மறுபடி வந்ததும் மெஷின் வியாபாரம் படுத்தது. மர சாமான் செய்தார், மளிகைக் கடை வைத்தார். 1821 வாக்கில் நகருக்கு வெளியே ஒரு குளக்கரையில் விலைக்கு வந்த பசைத் தொழிற்சாலையை 2,000 டாலருக்கு, முழுப் பணமும் கொடுத்து வாங்கினார்.

பசை என்றால் நாம் இப்போது டியூபில் வாங்குவது இல்லை. மாட்டுத் தோல் கழிவு, குளம்பு, எலும்பு எல்லாவற்றையும் சுத்தம் செய்து, பதமாகக் காய்ச்சி, வடிகட்டி, தகடாக உலர்த்தி எடுப்பது. தச்சர்களுக்கு அதுதான் உயிர். சூடு கொஞ்சம் கூடினால் பசை பலம் இழந்துவிடும். குறைந்தால் சாரம் இறங்காது. நல்ல பசை ஐரோப்பாவிலிருந்துதான் வர வேண்டும் என்று அமெரிக்கத் தச்சர்கள் நினைத்திருந்த காலம். கூப்பர் சூட்டையும் நேரத்தையும் மாற்றி மாற்றிச் சோதித்து, தரம் பிரித்து, இறக்குமதிச் சரக்குக்குச் சமமாக விற்றார். கெமிஸ்ட்ரி ஒரு வரி படிக்காதவர் செய்த பிராசஸ் கன்ட்ரோல் இது!

அதற்கு அவர் கொடுத்த விலையைப் பாருங்கள். விடிவதற்கு முன்னே எழுந்து தானே அடுப்பு மூட்டுவார். மத்தியானம் வரை காய்ச்சுவது. அப்புறம் வண்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குள் போய்ச் சரக்கு விற்பது. ராத்திரி கணக்கு எழுதுவது. கணக்கப்பிள்ளையும் அவரே, சேல்ஸ்மேனும் அவரே. வருஷக் கணக்கில் இப்படி ஓடியது. அதே கூடத்திலிருந்து ஜெலட்டினும் வந்தது. தண்ணீர் ஊற்றினால் தயாராகும் ஜெலட்டின் பொடிக்கு 1845-இல் பேடன்ட் வாங்கினார். ஆனால் அதைப் பெரிய வியாபாரமாக்க அவர் மெனக்கெடவில்லை. அரை நூற்றாண்டு கழித்து அதே வழியில் ஜெல்லோ என்ற பெயரில் வேறொருவர் சந்தைக்கு வந்தார்.

துப்பாக்கிக் குழாயில் ஓடிய ரயில்

பசையில் வந்த லாபத்தில் பால்டிமோரில் 3,000 ஏக்கர் அளவில் நிலம் வாங்கும் கூட்டில் சேர்ந்தார். பால்டிமோர் - ஒஹாயோ ரயில் பாதை வந்தால் நிலத்துக்கு மதிப்பு வரும் என்ற கணக்கு. கூட்டாளிகள் பங்குப் பணத்தைப் போடாமல் விட்டுவிட, சுமை முழுவதும் அவர் தலையில். ரயில் கம்பெனிக்கும் சிக்கல். பாதையில் வளைவுகள் அதிகம். இவ்வளவு வளைவில் நீராவி எஞ்சின் திரும்பாது என்று இங்கிலாந்து நிபுணர்கள் சொல்லிவிட்டார்கள். வண்டிகளைக் குதிரைகள்தான் இழுத்துக்கொண்டிருந்தன.

திரும்பும் என்று காட்ட வேண்டும், அவ்வளவுதானே? கூப்பர் ஒரு டன் எடை கூட வராத எஞ்சின் ஒன்றைத் தானே கட்டினார். பாய்லருக்குக் குழாய் கிடைக்காததால் பழைய துப்பாக்கிகளின் குழல்களை வெட்டிப் போட்டார். அடுப்புக்குக் காற்று ஊதும் விசிறியை பெல்ட் போட்டு ஓட்டினார். 1830 ஆகஸ்டில் ஆட்களை ஏற்றிக்கொண்டு 13 மைல் தூரம் எலிகாட்ஸ் மில்ஸ் வரை வளைவுகளில் சர்வசாதாரணமாகப் போய் வந்தது டாம் தம்.

அப்புறம்தான் குதிரையோடு பந்தயம். எஞ்சின் முந்திக்கொண்டிருந்த நேரத்தில் விசிறி பெல்ட் கழன்று விழுந்தது. காற்று நின்றது, நீராவி அழுத்தம் இறங்கியது. கூப்பர் வெறுங்கையால் பெல்ட்டை மாட்டப் போய்க் கையைக் காயப்படுத்திக்கொண்டதுதான் மிச்சம், குதிரை ஜெயித்துவிட்டது. கூட்டம் சிரித்திருக்கும். ஆனால் ரயில் கம்பெனிக்காரர்கள் வளைவைத்தான் பார்த்தார்கள், பந்தயத்தை அல்ல. குதிரைகளுக்கு அங்கே வேலை சீக்கிரமே போனது. நிலத்தின் மதிப்பும் ஏறியது.

அதன் பிறகு இரும்புத் தொழில். நியூஜெர்சியில் ட்ரென்டன் நகரில் அவருடைய ஆலை 1854-இல் கட்டடங்களுக்கான இரும்பு பீம்களை உருட்டி எடுத்தது. தீப்பிடித்தாலும் எரியாத தளங்கள் கட்ட அமெரிக்காவில் அப்போதுதான் வழி பிறந்தது. அட்லான்டிக் கடலடியில் தந்திக் கம்பி போட்ட சைரஸ் ஃபீல்டுக்குத் தோள் கொடுத்து, அந்த முயற்சியில் ஈடுபட்ட கம்பெனிக்குத் தலைவராக இருந்தார். 1858-இல் போட்ட கம்பி சில வாரங்களில் செத்துப் போனது, 1866-இல்தான் வெற்றி. நடுவில் இருந்த எட்டு வருஷமும் கேலி கேட்டுக்கொண்டு நின்றவர்களில் அவரும் ஒருவர். இரும்புத் தொழிலுக்கு அவர் செய்ததற்காக 1879-இல் பெஸ்ஸமர் பதக்கம் கிடைத்தது.

எல்லாமே ஜெயித்தது என்று நினைக்க வேண்டாம். கால்வாய்ப் படகுகளை முடிவில்லாத சங்கிலியால் இழுப்பது போன்ற திட்டங்கள் பாதியிலேயே நின்றன. தியரி தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால் எவ்வளவோ நேரமும் பணமும் மிஞ்சியிருக்கும் என்பது அவருக்கே தெரியும். தனக்கு இல்லாமல் போனது வாய்ப்புதான், மூளை இல்லை என்பதும் தெரியும்.

இருபது வருஷம் காத்திருந்த யோசனை

1830-ஐ ஒட்டி அவருடைய டாக்டர் நண்பர் ஒருவர் பாரிஸ் போய்விட்டு வந்து, அங்கே பாலிடெக்னிக்கில் தாம் பார்த்ததைச் சொன்னார். அரசாங்கச் செலவில் பெரிய பேராசிரியர்கள் பாடம் நடத்துகிறார்கள். ஒரு நாளைக்கு ஒரு துண்டு ரொட்டியோடு காலம் தள்ளிக்கொண்டு நூற்றுக்கணக்கான ஏழைப் பையன்கள் அதைக் கேட்க வருகிறார்கள் என்றார். கூப்பருக்குத் தூக்கம் போய்விட்டது. வண்டிப் பட்டறையில் மாலை நேரங்களில் தான் தேடியது இதைத்தானே!

உடனே கட்டிவிடவில்லை. அதுதான் அவர் வழி. கடன் வாங்கிக் கட்டுவது கிடையாது. நகரில் மூன்று சாலைகள் சந்திக்கும் இடத்தில் காசு சேரச் சேரத் துண்டு துண்டாக மனை வாங்கினார். முழு மனையும் கைக்கு வந்து 1853-இல் அடிக்கல் நாட்டும்போது அவருக்கு 62 வயது. ட்ரென்டன் பீம்களை வைத்தே கட்டடம் எழுந்தது. 1857-இல் நாடு முழுக்கப் பணமுடை வந்து கம்பெனிகள் கவிழ்ந்தபோதும் வேலை நிற்கவில்லை. நிலமும் கட்டடமுமாக 6 லட்சம் டாலருக்கு மேல் ஆனது. அன்றைய தேதியில் அவர் சொத்தில் பெரும் பகுதி அது.

நம் சிவில் நண்பர்களுக்கு ஒரு சுவாரசியம். கட்டடத்தில் வட்டமாக ஒரு கூண்டுப் பாதையை அடியிலிருந்து மேல் வரை விட்டுவைத்தார். லிஃப்ட் வைக்க! அடிக்கல் நாட்டிய வருஷத்தில் ஆட்கள் பயணம் செய்யும் பத்திரமான லிஃப்ட் சந்தைக்கே வரவில்லை. ஓட்டிஸின் முதல் பயணிகள் லிஃப்ட் 1857-இல்தான் நியூயார்க்கில் ஓடியது. எவனாவது ஒருவன் கண்டுபிடிக்கத்தான் போகிறான், அதற்கு இடம் விடுவோம் என்று விட்டார். வட்டம்தான் சிக்கனம் என்று நினைத்தார். வந்த லிஃப்ட் சதுரமாக இருந்தது வேறு விஷயம்.

1859-இல் கூப்பரும் சாராவும் கையெழுத்துப் போட்டு, கட்டடத்தை அப்படியே அறங்காவலர்களிடம் ஒப்படைத்தார்கள். தரைத்தளக் கடைகளின் வாடகை பள்ளிச் செலவுக்கு. அந்த ஆண்டு குளிர்காலத்தில் வகுப்புகள் தொடங்கின.

யார் வந்து சேர்ந்தார்கள்?

மாலை விளக்கேற்றும் நேரத்துக்குத் தச்சர்கள், மெக்கானிக்குகள், கொல்லர்கள், கடைச் சிப்பந்திகள், குமாஸ்தாக்கள் வேலை முடித்த உடுப்போடு வந்தார்கள். கட்டணம் இல்லை. எந்த மதம், எந்த நிறம் என்ற கேள்வி இல்லை. அல்ஜீப்ரா, ஜியாமெட்ரி, கெமிஸ்ட்ரி, இயற்பியல், மெக்கானிக்ஸ், மெஷின் டிராயிங், கட்டட டிராயிங் எல்லாம் ராத்திரியில் நடந்தன. பகலில் பட்டறையில் கையால் செய்ததை ராத்திரி காகிதத்தில் கோடு போட்டுப் புரிந்துகொள்வது. இரண்டும் சேர்ந்தால்தான் ஃபோர்மேன் ஆக முடியும் என்பது அன்றைக்கும் விதி, இன்றைக்கும் விதி.

பெண்களுக்குப் பகல் வகுப்பு. சித்திரம், வடிவமைப்பு, மரத்தில் செதுக்கி அச்சுக்குப் படம் தயாரிப்பது, பின்னால் தந்தி அனுப்பும் பயிற்சி. கணவனை இழந்த பெண்களும் ஏழை வீட்டுப் பெண்களும் கௌரவமாகச் சம்பாதிக்க ஒரு கைத்தொழில் வேண்டும் என்பதில் கூப்பர் பிடிவாதமாக இருந்தார். மேல் மாடியில் ஒரு வாசக சாலை. ராத்திரி பத்து மணி வரை யார் வேண்டுமானாலும் வந்து பேப்பர் படிக்கலாம். வேலை முடிந்து வருபவனுக்கு நூலகம் ஐந்து மணிக்கு மூடினால் என்ன பிரயோஜனம்? இந்தச் சின்ன விஷயம் புரிய, ஒருவர் பட்டறையில் வேலை பார்த்திருக்க வேண்டும்.

நிலவறையில் பெரிய கூடம். 1860 பிப்ரவரி 27 அன்று, அவ்வளவாகப் பெயர் தெரியாத ஒரு மேற்கத்திய வக்கீல் அங்கே அடிமை முறை பரவுவதை எதிர்த்துப் பேசினார். அவர்தான் ஆபிரகாம் லிங்கன். அந்த ஆண்டே ஜனாதிபதித் தேர்தலில் ஜெயித்தார்.

ராத்திரி வகுப்புக்கு வந்தவர்களில் பகலில் கல்லில் சிற்றுருவம் செதுக்கப் பழகிக்கொண்டிருந்த ஒரு 13 வயதுப் பையன், அகஸ்டஸ் செயின்ட் காடன்ஸ். பிற்காலத்தில் அமெரிக்காவின் பெரிய சிற்பியானார். சுருட்டுத் தொழிலாளியாக இருந்து தொழிற்சங்கத் தலைவரான சாமுவேல் காம்பர்ஸ் அங்கே வந்தவர்தான். எடிசனும் கெமிஸ்ட்ரி கற்றுக்கொள்ள அங்கே வந்திருக்கிறார். பெயர் வெளியே தெரியாதவர்கள் ஆயிரக்கணக்கில். நல்ல டிராஃப்ட்ஸ்மேன் ஆனவன், சம்பளம் இரண்டு டாலர் கூடியவன், பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தர முடிந்தவன். கூப்பருக்கு வேண்டியது அவர்கள்தான்.

வயதான காலத்தில், உட்காரக் காற்றடைத்த ரப்பர் மெத்தையைக் கையில் எடுத்துக்கொண்டு பள்ளிக்கு வந்துவிடுவார். கடினமான பெஞ்சில் அதைப் போட்டு உட்கார்ந்து, மாணவர்களோடு மாணவராகச் சொற்பொழிவு கேட்பார். 85 வயதில், 1876-இல், கிரீன்பேக் கட்சி வேட்பாளராக ஜனாதிபதித் தேர்தலில்கூட நின்றார். கடனில் தவிக்கும் விவசாயிகளுக்காகப் பேசிய சின்னக் கட்சி. சுமார் 81,000 ஓட்டு. ஒரு சதவீதம்கூடத் தேறவில்லை. அதற்காக அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

1883 ஏப்ரல் 4 அன்று கூப்பர் காலமானார். ஊரே துக்கம் கொண்டாடியது. 1897-இல் பள்ளிக்கு முன்னால் அவருக்குச் சிலை வைத்தார்கள். செய்தவர், அங்கே ராத்திரி வகுப்பில் படித்த அதே செயின்ட் காடன்ஸ்.

அப்புறம் நடந்தது

கதை இதோடு முடிந்தால் நன்றாக இருக்கும். முடியவில்லை. கூப்பர் யூனியன் காலப்போக்கில் கலை, கட்டடக்கலை, இன்ஜினியரிங் மூன்றும் சொல்லித் தரும் பெயர் பெற்ற கல்லூரியானது. தலைமுறை தலைமுறையாக, சேர்ந்த எல்லாருக்கும் படிப்பு இலவசம். நியூயார்க்கில் கிரைஸ்லர் பில்டிங் நிற்கும் நிலமே அந்தக் கல்லூரியின் சொத்து. இவ்வளவு இருந்தும் 2006-இல் அந்த நிலத்தை ஈடு வைத்து 17.5 கோடி டாலர் கடன் வாங்கினார்கள். புதுக் கட்டடமும் 2009-இல் எழுந்தது. வட்டி கழுத்தை நெரித்தது. 2014-இல் சேர்ந்த மாணவர்களிடமிருந்து கட்டணம் வாங்க ஆரம்பித்தார்கள். மாணவர்கள் தலைவர் அறையிலேயே உட்கார்ந்து போராடினார்கள், முன்னாள் மாணவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். பத்து ஆண்டுகளில் மறுபடி முழு இலவசத்துக்குத் திரும்புவது என்று 2018-இல் திட்டம் போட்டார்கள்.

முதலாளி தருவதாகச் சொன்ன கடனை வேண்டாம் என்ற பையனும், மனையைத் துண்டு துண்டாக வாங்கிய பெரியவரும் ஞாபகம் வருகிறார்களா? அவர் ஒரு தலைமுறை காத்திருந்து சேர்த்த பெயர், ஒரு கடனில் ஆட்டம் கண்டது. அதைக் காப்பாற்ற வரிந்து கட்டிக்கொண்டு நின்றவர்கள் யார் என்பதையும் கவனியுங்கள். அங்கே படித்தவர்கள். நம்மைப் போன்ற முன்னாள் மாணவர்கள்.

நமக்கு இதில் என்ன?

பள்ளியைப் பாதியில் விட்ட பெரியவர்களுக்கு வழி இன்று பல இடங்களில் இருக்கிறது. அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளிக்குச் சமமான தேர்வு ஒன்று 1942-இல் ராணுவ வீரர்களுக்காகத் தொடங்கிப் பிறகு எல்லாருக்கும் வந்தது. நியூயார்க் நகரத்தில் 21 வயது தாண்டியவர்களுக்கு அந்தத் தேர்வுக்கான வகுப்பையும் தொழில் வகுப்பையும் நகரப் பள்ளித் துறையே இலவசமாக நடத்துகிறது. நம் ஊரில் தனித்தேர்வராகப் பத்தாவது எழுதலாம்; தேசியத் திறந்தநிலைப் பள்ளியிலும் எழுதலாம். வெல்டர், வயர்மேன் போன்ற சில ஐ.டி.ஐ. டிரேடுகளுக்கு எட்டாவது பாஸே போதும். கதவு இருக்கிறது. கதவு வரை கூட்டிக்கொண்டு போக ஆள்தான் இல்லை.

எங்கள் பேட்ச் ஆட்களுக்கு மெஷின் ஷாப்பில் இருந்த அண்ணனை ஞாபகம் இருக்கும். பெயர் வேண்டாம். நாலு தாடைச் சக்கில் ஜாப்பை அவர் மாதிரி சென்டர் செய்ய எங்களில் ஒருத்தனாலும் முடியாது. லேப் எக்ஸாமில் எங்களைக் காப்பாற்றியவர் அவர். பத்தாவதில் கணக்கு போய்விட்டதால் உதவியாளராகவே இருந்தார். மூன்றாம் வருஷத்தில் ஒருநாள் என்னிடம் தயங்கித் தயங்கி, தம்பி, கணக்கு மட்டும் சொல்லித் தர்றீங்களா என்று கேட்டார். ஆரம்பித்தேன். வாரம் இரண்டு நாள், ஷாப் மூடியதும். மனுஷன் பிதாகரஸ் தேற்றத்தைப் புத்தகத்தில் பார்த்துவிட்டு, இதைத்தானே தினம் மட்டத்துக்கு மூலை பார்க்கப் போடுறோம் என்று சிரித்தார். அப்புறம் கேம்பஸ் இன்டர்வியூ சீசன் வந்தது. ஒரு வாரம் தள்ளிப் போட்டேன், இரண்டு வாரம் தள்ளிப் போட்டேன், நின்று போச்சு. அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு வேலை கிடைத்ததும் முதலில் வாழ்த்துச் சொன்னவர் அவர்தான். கூப்பரைப் பற்றிப் படிக்கிறபோதெல்லாம் எனக்கு அந்த அண்ணன் முகம்தான் வருகிறது.

நம் வளாகத்தில் மெஸ்ஸில், தோட்டத்தில், ஷாப்பில், ஹாஸ்டலில் இன்றைக்கும் அவரைப் போன்றவர்கள் இருக்கிறார்கள். மாலை ஆறு மணிக்கு மேல் நம் வகுப்பறைகள் காலியாகத்தான் கிடக்கின்றன. சங்கம் புதுக் கட்டடம் எதுவும் கட்ட வேண்டாம், கடனும் வாங்க வேண்டாம். கல்லூரி அனுமதியோடு ஒரு அறை, ஒரு கரும்பலகை, பத்தாவது பாடப் புத்தகங்கள், தேர்வுக் கட்டணம். பாடம் நடத்த, வாரம் ஒரு மாலை ஒதுக்கக்கூடிய பத்துப் பேர். உள்ளூரில் இருக்கும் நம் நண்பர்களும் இப்போது படிக்கும் தம்பி தங்கைகளும் சேர்ந்தால் அது ஒரு பெரிய விஷயமே இல்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். தொடங்குகிறவர்கள் இன்டர்வியூ சீசனில் விட்டுவிடாதீர்கள். ஒருத்தர் போனால் அடுத்தவர் அந்த சாக்பீஸை எடுத்துக்கொள்ள வேண்டும்.

பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரச் செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை மாலைக் கணக்கு வகுப்புக்கு முதல் பெயராக என் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.